மூன்று வயதுக் குழந்தைக்கு வாய் முழுவதும் புண்: மரப்பு ஜெல் தடவலாமா, வேறு என்ன செய்யலாம்?

பெரம்பூர்_தாய் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மகனுக்கு மூன்று வயது முடிந்திருக்கிறது. எடை 12 கிலோ. ஞாயிறு மாலை காய்ச்சல் தொடங்கியது, திங்கள் இரவு வாயில் புண் வந்துவிட்டது. நாக்கின் ஓரத்திலும் அண்ணத்தின் பின்பகுதியிலும் சிறு கொப்புளங்கள் உடைந்து, நடுவில் வெளுப்பாகவும் சுற்றிலும் சிவப்பாகவும் தெரிகின்றன. இன்று காலை உள்ளங்கையிலும் பாதத்திலும் சில சிவந்த புள்ளிகளைப் பார்த்தேன். பால் டம்ளரைக் கண்டாலே இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொள்கிறான். எச்சிலைக்கூட விழுங்காமல் ஒழுகவிடுவதால் சட்டையின் முன்பக்கம் எப்போதும் நனைந்தே இருக்கிறது.

தெருமுனை மருந்துக்கடையில் மரத்துப்போகச் செய்யும் ஒரு ஜெல்லும், பி காம்ப்ளெக்ஸ் சிரப்பும், ஓர் ஆன்டிபயாடிக்கும் கொடுத்தார்கள். என் மாமியாரோ இது அம்மை என்று உறுதியாகச் சொல்லி, தலைமாட்டில் வேப்பிலை வைத்து, எந்த மருந்தும் கொடுக்கக் கூடாது என்கிறார். மழை விடாமல் பெய்வதால் மருத்துவரிடம் நாளை காலைதான் அழைத்துச் செல்ல முடியும் போலிருக்கிறது. அதுவரை வலியைக் குறைக்க என்ன செய்யலாம் என்பதையும், எந்த அறிகுறி தெரிந்தால் இரவிலேயே கிளம்ப வேண்டும் என்பதையும் அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

வேளச்சேரி_வாசு

எங்கள் குடியிருப்பிலும் கடந்த வாரம் அடுத்தடுத்த வீடுகளில் இதே கதைதான். பிளே ஸ்கூலில் ஒரு வகுப்பையே மூடிவிட்டார்கள். கை, கால், வாய் நோய் என்று மருத்துவர் சொன்னார். சகோதரி, அந்த ஆன்டிபயாடிக்கை மட்டும் மருத்துவரைப் பார்க்கும் வரை தொடங்காதீர்கள்.

குழந்தைநல_மருத்துவர்_அண்ணாநகர்

பார்க்காமல் நோயைத் தீர்மானிப்பது முறையல்ல என்பதால், நாளை காலை குழந்தையை நேரில் காட்டுவதை எதற்காகவும் தள்ளிப்போடாதீர்கள் என்ற வேண்டுகோளுடன் தொடங்குகிறேன். காய்ச்சல், வாயின் பின்பகுதியிலும் நாக்கிலும் புண், அடுத்த நாள் உள்ளங்கையிலும் பாதத்திலும் புள்ளிகள் என்ற வரிசை கை, கால், வாய் நோய்க்குப் பொருந்துகிறது. காக்சாக்கி ஏ16, காக்சாக்கி ஏ6, என்டரோவைரஸ் 71 ஆகிய வைரஸ்கள் இதைப் பெரும்பாலும் உண்டாக்குகின்றன. 2022இல் கேரளத்தில் தக்காளிக் காய்ச்சல் என்று பரபரப்பாகப் பேசப்பட்டபோது, அங்கு சென்று பிரிட்டனுக்குத் திரும்பிய இரண்டு குழந்தைகளைச் சோதித்துப் பார்த்ததில் அவர்களிடம் இருந்தது காக்சாக்கி ஏ16தான். ஆகவே புதிய நோய் ஏதும் வந்துவிட்டதாக அஞ்ச வேண்டியதில்லை. உங்கள் மாமியாரின் சந்தேகம் அர்த்தமற்றது அன்று. சின்னம்மையிலும் வாய்க்குள் புண் வரும். ஆனால் சின்னம்மையின் கொப்புளங்கள் நெஞ்சு, முதுகு, முகம் ஆகிய இடங்களில் தொடங்கி, நீர் கோத்து, அரிக்கும். உள்ளங்கையிலும் பாதத்திலும் தொடங்குவது அதன் வழக்கமன்று. வேப்பிலை தலைமாட்டில் இருப்பதால் யாருக்கும் தீங்கில்லை. பாராசிட்டமாலை நிறுத்துவதுதான் தீங்கு.

இந்தப் புண்கள் மருந்தே இல்லாவிட்டாலும் ஏழு முதல் பத்து நாட்களுக்குள் ஆறிவிடும். அப்படியானால் சிகிச்சை எதற்கு என்று பெற்றோர் கேட்பார்கள். குழந்தை குடிக்க வேண்டும் என்பதற்காகத்தான். வாய்ப்புண்ணுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்படும் குழந்தைகளில் பெரும்பாலோர் வலியால் தண்ணீர் குடிக்க மறுத்து, உடலில் நீர் வற்றிப்போய் வருகிறவர்கள்தாம். ஆகவே புண்ணின் மேல் எதைத் தடவுவது என்று யோசிப்பதைவிட, வலியை எந்த நேரத்தில் அடக்கி, அடக்கிய அந்த நேரத்தில் எவ்வளவு நீரை உள்ளே செலுத்துவது என்று திட்டமிடுவதே பயன் தரும்.

என் முறை இதுதான். பாராசிட்டமாலை, காய்ச்சல் ஏறினால் கொடுப்போம் என்று காத்திருக்காமல், முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு வலி மருந்தாகக் கருதி, கிலோவுக்கு 15 மி.கி. என்ற அளவில் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்கச் சொல்வேன். நாளில் நான்கு முறைக்கு மேல் கூடாது. கொடுத்து அரை மணி நேரம் கழித்துக் குழந்தையின் முகம் சற்றுத் தெளியும். அந்த வேளைதான் குடிக்கவைப்பதற்கு உரியது. ஐபுப்ரோஃபென் இன்னும் நன்றாக வலியைக் குறைக்கும் என்றாலும், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சென்னையில் காய்ச்சலோடு வரும் எந்தக் குழந்தைக்கும் டெங்கு இல்லை என்று உறுதியாகும் வரை நான் அதை எழுதுவதில்லை. டெங்குவில் அது இரத்தக்கசிவு ஆபத்தைக் கூட்டும். நீர் வற்றிய குழந்தைக்குச் சிறுநீரகத்தையும் பாதிக்கும். ஆஸ்பிரின் குழந்தைகளுக்கு எக்காலத்திலும் வேண்டாம்.

12 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு நாளில் ஏறக்குறைய 1100 மி.லி. நீர்ம உணவு தேவை. டம்ளரில் ஊற்றி நீட்டினால் அவன் வாயைப் பொத்திக்கொள்ளத்தான் செய்வான். ஊசியில்லாத 5 மி.லி. சிரிஞ்சில் எடுத்து, கன்னத்தின் உட்புறம், புண் இல்லாத பக்கமாக, மெதுவாக விடுங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை 5 மி.லி. என்றால் ஒரு மணி நேரத்தில் 150 மி.லி. உள்ளே போய்விடும். அழும்போது விட வேண்டாம், புரையேறும்.

இரவென்றும் மழையென்றும் பாராமல் கிளம்ப வேண்டிய நிலைகளைச் சொல்கிறேன். எட்டு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்காமல் இருப்பது. அழுதும் கண்ணீர் வராமல் கண்கள் குழிந்து, கூப்பிட்டால் சோர்ந்து கிடப்பது. திரும்பத் திரும்ப வாந்தி எடுப்பது. நன்றாக நடந்த குழந்தை தள்ளாடி நடப்பது. தூங்கும்போது தூக்கிப்போடுவதுபோல் கைகால்கள் அடிக்கடி வெட்டி வெட்டி இழுப்பது. கடைசி இரண்டும் மூளைக்கோ நரம்புக்கோ பாதிப்பு பரவுவதைக் காட்டக்கூடியவை. என்டரோவைரஸ் 71இல் அரிதாக இப்படி நேர்கிறது. எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை இரவிலும் பார்க்கும். வண்டி கிடைக்காவிட்டால் 108ஐ அழையுங்கள்.

அம்பத்தூர்_அப்பா

மருத்துவருக்கு நன்றி. ஆனால் ஒரு சிறு மறுப்பு. என் மகளுக்குப் போன ஆண்டு வாய்ப்புண் வந்தபோது மரப்பு ஜெல்லைத் தடவியதும் அழுகை நின்றது என்பதை நானே கண்ணால் பார்த்தவன். வெளிநாட்டில் இந்த ஜெல்லுக்கு ஏதோ எச்சரிக்கை விட்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதற்காக, கையில் இருக்கும் நிவாரணத்தை ஏன் குழந்தைக்கு மறுக்க வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. மருந்துக்கடையில் சீட்டே இல்லாமல் தருகிறார்கள். அவ்வளவு ஆபத்தானதாக இருந்தால் தருவார்களா?

மருந்தாளுநர்_குரோம்பேட்டை

ஐயா, சீட்டு இல்லாமல் தருவதை ஆபத்தில்லாததற்குச் சான்றாகக் கொள்ள வேண்டாம் என்று கவுண்ட்டரின் இந்தப் பக்கம் நிற்பவன் என்ற முறையில் சொல்கிறேன். ஜெல் என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, அட்டைப்பெட்டியின் பின்புறத்தைப் படித்தால் ஒவ்வொன்றும் வேறு வேறு சரக்கு.

முதல் வகை லிக்னோகெய்ன் என்ற மரப்பு மருந்து கலந்தது. வாயின் மென்தோல் வழியாக இது இரத்தத்தில் விரைவாகச் சேரும். புண் இருந்தால் இன்னும் விரைவாகச் சேரும். குழந்தை அழும்போதெல்லாம் தடவிக்கொண்டே போனால் வலிப்பும் இதயத் துடிப்புக் கோளாறும் வரலாம் என்பதால், பல் முளைக்கும் வலிக்காக இதைக் கைக்குழந்தைகளுக்குத் தடவக் கூடாது என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2014இல் கடுமையான எச்சரிக்கையை லேபிளிலேயே அச்சிடவைத்தது. தொண்டையும் சேர்ந்து மரத்துப்போனால், விழுங்கும்போது புரையேறும் அபாயமும் உண்டு. இவ்வளவையும் பொறுத்துக்கொண்டு தடவினால் குழந்தை கூடுதலாகக் குடிக்கிறதா என்று ஆஸ்திரேலியாவில் சோதித்துப் பார்த்தார்கள். தொற்றினால் வாய்ப்புண் வந்த 100 குழந்தைகளில் ஒரு பாதிக்கு லிக்னோகெய்னும் மறு பாதிக்கு அதே சுவையுள்ள வெறும் திரவமும் கொடுத்து, அடுத்த ஒரு மணி நேரத்தில் எவ்வளவு குடித்தார்கள் என்று அளந்தார்கள். இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவுதான் குடித்தன. 2014இல் அந்த ஆய்வு வெளியானது. உங்கள் மகளின் அழுகை நின்றது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அழுகை நிற்பதும் நீர் உள்ளே போவதும் வேறு வேறு என்பதுதான் இங்கே விஷயம்.

இரண்டாம் வகை பென்சோகெய்ன், இதுவும் மரப்பு மருந்துதான். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் இது இரத்தத்தின் ஆக்சிஜன் தாங்கும் திறனையே கெடுத்து, உதடும் நகமும் நீலம் பாரிக்கும் நிலையை உண்டாக்கக்கூடும். மூன்றாம் வகை கோலின் சாலிசிலேட். ஆஸ்பிரினின் குடும்பத்தைச் சேர்ந்தது. 16 வயதுக்குட்பட்டவர்களுக்கு வாயில் தடவ வேண்டாம் என்று பிரிட்டனில் 2009இல் அறிவுறுத்தினார்கள். வைரஸ் காய்ச்சலின்போது சாலிசிலேட் சேர்ந்தால் கல்லீரலையும் மூளையையும் தாக்கும் ரை நோய்க்குறி வரலாம் என்ற அச்சமே காரணம். நம் ஊரில் குழந்தைக்கு வாய்ப்புண் என்று சொன்னதும் முதலில் எடுத்து நீட்டப்படுவது பெரும்பாலும் இந்த மூன்றாம் வகைதான். நான்காவதாக ட்ரையம்சினலோன் பேஸ்ட் ஒன்று உண்டு, அது ஸ்டீராய்டு. சாதாரண வாய்ப்புண்ணுக்கு மருத்துவர் எழுதித் தருவார். ஹெர்பிஸ் என்ற வைரஸால் வரும் புண்ணில் தடவினால் தொற்று பரவிவிடும். எந்தப் புண் என்று தெரியாமல் அதைத் தொடவே கூடாது.

இதைவிட அன்றாடம் நான் பார்க்கும் ஆபத்து பாராசிட்டமாலில்தான் இருக்கிறது. ஒரே பெயரில் 5 மி.லி.க்கு 120 மி.கி. உள்ள சிரப்பும் உண்டு, 250 மி.கி. உள்ளதும் உண்டு, கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் 1 மி.லி.யிலேயே 100 மி.கி. இருக்கும். பெரம்பூர் சகோதரியின் மகனுக்கு ஒரு வேளைக்கு 180 மி.கி. என்று வைத்துக்கொண்டால், 120 சிரப்பில் 7.5 மி.லி., 250 சிரப்பில் 3.6 மி.லி. கொடுக்க வேண்டும். பக்கத்து வீட்டில் 7.5 மி.லி. கொடுத்தார்கள் என்று கேட்டுவிட்டு வந்து 250 சிரப்பில் அதே அளவை ஊற்றினால், இருமடங்குக்கு மேல் போய்விடும். தேக்கரண்டியால் அளக்காமல், சிரிஞ்சால் அளந்து கொடுங்கள். சளி மருந்தையும் சேர்த்துக் கொடுப்பதாக இருந்தால் அதிலும் பாராசிட்டமால் கலந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அம்பத்தூர்_அப்பா

விளக்கத்துக்கு நன்றி. வீட்டில் இருக்கும் குழாயை எடுத்துப் பார்த்தேன். கோலின் சாலிசிலேட் என்றுதான் போட்டிருக்கிறது. குப்பையில் போட்டுவிட்டேன்.

மயிலை_பாட்டி

எங்கள் காலத்தில் இத்தனை ஜெல்லும் கிடையாது, பயமும் கிடையாது. வாய்ப்புண் என்றால் மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப் பால் விட்டுக் கொதிக்கவைத்துக் கொடுப்போம். மாசிக்காயைக் கல்லில் இழைத்துத் தடவுவோம். கைக்குழந்தையாக இருந்தால் வெங்காரத்தைப் பொரித்துத் தேனில் குழைத்து நாக்கில் தடவுவோம். எல்லாம் உடல் சூட்டினால் வருவதுதான். இன்றைய பிள்ளைகள் இரவெல்லாம் கண்விழித்துச் சிப்ஸ் தின்றால் வாய் வெந்துபோகாமல் என்ன செய்யும்? நாட்டு மருந்துக் கடையில் இன்றும் எல்லாம் கிடைக்கின்றன.

குழந்தைநல_மருத்துவர்_அண்ணாநகர்

அம்மா, நீங்கள் சொன்ன மூன்றையும் ஒரே தட்டில் வைக்க மனமில்லை. மணத்தக்காளியும் தேங்காய்ப் பாலும் உணவுகள். காரமும் புளியும் சேர்க்காமல் ஆறவைத்துக் கொடுத்தால் குழந்தை விரும்பிக் குடிக்கும், நீரும் உள்ளே போகும், கீரை என்ற முறையில் அதில் சத்தும் இருக்கிறது. கீரை நன்றாக வெந்திருக்க வேண்டும், காய் பச்சையாகச் சேரக் கூடாது என்பது மட்டும்தான் நிபந்தனை. மாசிக்காயின் துவர்ப்பு பெரியவர்களின் ஈறுகளுக்கு இதமாக இருக்கலாம். உடைந்த கொப்புளத்தின் மேல் ஒரு மூன்று வயதுக் குழந்தையின் வாயில் விரலை விட்டுத் தேய்ப்பது வலியைக் கூட்டுவதோடு, இழைக்கும் கல்லின் அழுக்கையும் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

வெங்காரத்தை மட்டும் திட்டவட்டமாக மறுக்கிறேன். அது போராக்ஸ் எனப்படும் போரான் உப்பு. பிரிட்டனில் சூப்பானை வெங்காரமும் தேனும் கலந்த கலவையில் தோய்த்துக் கொடுத்துவந்த கைக்குழந்தைகள் ஏழு பேருக்குத் திரும்பத் திரும்ப வலிப்பு வந்து, கலவையை நிறுத்தியதும் வலிப்பும் நின்றது என்று 1983இல் மருத்துவ இதழில் எழுதினார்கள். கிளிசரினில் கரைத்த போரிக் அமிலமும் இதே குடும்பம்தான். ஒரு வயதுக்குள் தேனே கூடாது. அதில் இருக்கக்கூடிய கிளாஸ்ட்ரிடியம் பாக்டீரியாவின் விதைகள் சிசுவின் குடலில் முளைத்து நச்சை உண்டாக்கித் தசைகளைச் செயலிழக்கச் செய்யும். கைக்குழந்தையின் நாக்கில் வெள்ளையாகத் தயிர்போல் படிந்து, துடைத்தால் எளிதில் போகாமல், வழித்தால் அடியில் சிவந்து தெரிந்தால் அது பூஞ்சைத் தொற்று. அதற்கு நிஸ்டாட்டின் அல்லது குளோட்ரிமசோல் சொட்டு மருந்து இருக்கிறது. அது போட்டால் சில நாட்களில் சரியாகும். தாய்ப்பால் கொடுப்பவர் என்றால் தாயின் காம்பிலும் பூஞ்சை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் மாறி மாறித் தொற்றிக்கொண்டே இருக்கும்.

பெரம்பூர்_தாய்

எல்லோருக்கும் நன்றி. இரவு பாராசிட்டமால் கொடுத்து, அரை மணி நேரம் கழித்துச் சிரிஞ்சில் குளிர்ந்த மோரை விட்டபோது முதலில் திமிறினான். பிறகு அவனே வாயைத் திறந்தான். காலையில் மருத்துவரிடம் காட்டினோம். கை, கால், வாய் நோய்தான் என்றும், ஆன்டிபயாடிக் தேவையில்லை என்றும், டெங்குவுக்கு ஒரு இரத்தப் பரிசோதனை மட்டும் எடுத்துவிடலாம் என்றும் சொன்னார். மருந்துக்கடையில் ஓ.ஆர்.எஸ். எனப்படும் உப்பு சர்க்கரைக் கரைசலைக் கேட்டபோது, அட்டைப் பெட்டியில் வரும் ஆப்பிள் சுவை பானத்தைக் கொடுத்தார்கள். அதைக் கொடுக்கலாமா? சாப்பாட்டுக்கும் யாராவது வழி சொல்லுங்கள், இட்லியைக்கூடத் தள்ளிவிடுகிறான்.

உணவியலாளர்_தாம்பரம்

அந்தப் பெட்டியின் பின்புறத்தில் சர்க்கரையின் அளவைப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரப்படி ஒரு லிட்டர் உப்பு சர்க்கரைக் கரைசலில் குளுக்கோஸ் 13.5 கிராம், சாதாரண உப்பு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சோடியம் சிட்ரேட் 2.9 கிராம் இருக்க வேண்டும். சுவையூட்டிய பெட்டி பானங்கள் பலவற்றில் சர்க்கரை இதைவிடப் பல மடங்கு அதிகமாகவும், சோடியம் குறைவாகவும் இருந்தன. ஐதராபாத்தைச் சேர்ந்த குழந்தைநல மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் ஆண்டுக்கணக்கில் இதை எதிர்த்துப் பேசிவந்த பிறகு, 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் இத்தகைய பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்ற சொல்லையே பயன்படுத்தக் கூடாது என்று உத்தரவிட்டது. ஆகவே ஓ.ஆர்.எஸ். பொடிப் பொட்டலத்தை வாங்குங்கள். ஒரு லிட்டருக்கானதா, 200 மி.லி.க்கானதா என்று பார்த்து, அந்த அளவுத் தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும்; பாதிப் பொட்டலத்தை ஒரு டம்ளரில் குத்துமதிப்பாகப் போடும் பழக்கம் உப்பைக் கூட்டிவிடும். கரைத்ததை ஃபிரிட்ஜில் வைத்துக் குளிரக் கொடுத்தால் எரிச்சல் குறையும். 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

உணவைப் பொறுத்தவரை, இரண்டு மூன்று நாட்களுக்குத் திட உணவு இறங்காவிட்டாலும் குடி குறையாத வரை பெரிய நட்டமில்லை. புண்ணை எரிக்கக்கூடியவை உப்பு, புளி, காரம், சூடு, மொறுமொறுப்பு. ரசம் சாதமும், எலுமிச்சைச் சாறும், சாத்துக்குடியும் இந்த வாரம் வேண்டாம்; காய்ச்சல் என்றதும் சாத்துக்குடி பிழிந்து கொடுப்பது நம் கைப்பழக்கம் என்பதால் தனியாகச் சொல்கிறேன். புளிக்காத தயிரில் குழைத்த சாதம், ஆறிய ஜவ்வரிசிக் கஞ்சி, பாலில் ஊறவைத்து மசித்த இட்லி, வாழைப்பழம் மசித்த பால், இளநீர், இளநீர் வழுக்கை ஆகியவை பெரும்பாலான குழந்தைகளுக்குத் தொண்டையில் இறங்குகின்றன. ஐஸ்கிரீம் கொடுத்தால் சளி பிடிக்கும் என்று வீட்டில் பெரியவர்கள் தடுப்பார்கள். இந்த வைரஸ் ஐஸ்கிரீமால் வந்ததன்று, குளிர்ச்சி வலியை மரக்கவைக்கும், கூடவே சக்தியும் கிடைக்கும். நான் தாராளமாகக் கொடுக்கச் சொல்வேன். பால்புட்டியைச் சப்புவது புண்ணில் உராய்ந்து வலிக்கும், கிண்ணமோ பாலாடையோ நல்லது.

நங்கநல்லூர்_மாதவி

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும், எங்கள் பிரச்சினை சற்று வேறு. மகளுக்கு ஒன்பது வயது. காய்ச்சல் கிடையாது, ஆனால் மாதம் தவறாமல் உதட்டின் உட்புறத்தில் ஒன்றிரண்டு வட்டப் புண்கள் வந்து, ஒரு வாரம் பத்து நாள் படுத்திவிட்டுப் போகின்றன. ஒவ்வொரு முறையும் பி காம்ப்ளெக்ஸ் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். இது தொற்றுமா? பள்ளியில் தண்ணீர் பாட்டிலைப் பகிர்கிறாள் என்று பயமாக இருக்கிறது.

குழந்தைநல_மருத்துவர்_அண்ணாநகர்

இது ஆஃப்தஸ் புண் என்று சொல்லப்படும் சாதாரண வாய்ப்புண்ணாக இருக்க வாய்ப்பு அதிகம், அது தொற்றாது. நடுவில் மஞ்சளாக வெளுத்து, ஓரத்தில் சிவப்பு வளையத்துடன், அசையும் தோலில், அதாவது உதடு, கன்னம், நாக்கின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் வரும். மாதாமாதம் வருகிறது என்றால் இரத்தத்தில் ஹீமோகுளோபின், இரும்பின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், பி12, ஃபோலேட் ஆகியவற்றைப் பார்த்துவிடுவது முறை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. உங்கள் மகள் அந்த வயதைத் தாண்டியவள் என்றாலும் இரும்புக் குறைபாடு நம்மிடையே எவ்வளவு சாதாரணம் என்பதை அது காட்டும். குறை இரும்பில் இருக்க, பி காம்ப்ளெக்ஸைக் கொடுத்துக்கொண்டே இருப்பதில் பயனில்லை. வயிற்றுப்போக்கு, எடை கூடாமை, உயரம் தேங்குதல் ஆகியவை சேர்ந்திருந்தால் கோதுமைப் புரதத்தால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய்க்கும் பரிசோதிக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறாக, மூன்று முதல் ஆறு வாரங்களுக்கு ஒருமுறை, காலண்டரில் குறித்துவைத்ததுபோல் கடும் காய்ச்சல், வாய்ப்புண், தொண்டைவலி, கழுத்தில் நெறிக்கட்டு நான்கும் சேர்ந்து வந்து, இடைப்பட்ட நாட்களில் குழந்தை முற்றிலும் நலமாக இருந்தால், அது பிஎஃப்ஏபிஏ என்ற சுழற்சிக் காய்ச்சலாக இருக்கலாம். ஒவ்வொரு முறையும் டான்சில் தொற்று என்று ஆன்டிபயாடிக் வாங்கியே ஆண்டுகள் கழிந்துவிடும். காய்ச்சல் வந்த தேதிகளை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போனால் மருத்துவர் அதைக் கண்டுபிடிப்பது எளிது.

பல்_மருத்துவ_மாணவி

மாதவி அக்காவுக்கு இரண்டு செய்திகள். பற்பசையில் சோடியம் லாரில் சல்ஃபேட் என்ற நுரைப்பொருள் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத பற்பசைக்கு மாறினால் அடிக்கடி புண் வரும் சிலருக்குக் குறைகிறது. பல்லின் கூரான ஓரமோ கம்பியோ அதே இடத்தில் உரசுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால் காரணம் பெரும்பாலும் அங்கேயே இருக்கும்.

பல் பிடுங்க மரப்பு ஊசி போட்டு அழைத்துச் சென்ற குழந்தையை, அடுத்த நாள் உதடு வீங்கி வெள்ளையாகப் புண்ணாகியிருக்கிறது, சீழ் பிடித்துவிட்டது என்று பதறி அழைத்துவருவார்கள். உணர்ச்சியில்லாத உதட்டைக் குழந்தை மென்றுவிட்டிருக்கும். அது சீழ் அன்று, தானே ஆறிவிடும். மரப்பு நீங்கும் வரை, சுமார் இரண்டு மூன்று மணி நேரம், மெல்லும் உணவு கொடுக்காமல் கண்காணித்தால் இது நேராது.

திருவான்மியூர்_செந்தில்

எங்கள் மகளுக்கு ஒன்றரை வயது. நேற்று முதல் கடும் காய்ச்சல்; ஈறுகள் பஞ்சுபோல் வீங்கி, துணியால் துடைத்தாலே இரத்தம் வருகிறது; உதட்டைச் சுற்றியும் கொப்புளங்கள் உள்ளன. உள்ளங்கை, பாதம் எல்லாம் சுத்தமாக இருக்கின்றன. இதுவும் அதே நோய்தானா?

குழந்தைநல_மருத்துவர்_அண்ணாநகர்

இன்றே காட்டுங்கள், நாளை வரை காத்திருக்க வேண்டாம். ஈறு வீங்கி இரத்தம் கசிவதும், வாயின் முன்பகுதியில் புண் இருப்பதும் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸின் முதல் தாக்குதலாக இருக்கலாம். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை இது அதிகம். பெரியவர் ஒருவரின் உதட்டுக் கொப்புளத்திலிருந்து முத்தத்தின் வழியாக வந்திருக்கலாம். வாய்ப்புண்களில் வைரஸ் எதிர்ப்பு மருந்து பயன்படும் அரிய இடம் இதுதான், அதுவும் தொடக்கத்திலேயே கொடுத்தால் மட்டும். 1997இல் வெளியான ஓர் ஆய்வில், முதல் 72 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு சிரப் தொடங்கிய குழந்தைகளின் புண்கள் ஏறத்தாழ 4 நாட்களில் ஆறின. வெறும் சிரப் பெற்றவர்களுக்கு 10 நாட்கள் ஆயின. உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. அளவை எடைக்கேற்ப மருத்துவர்தான் எழுத வேண்டும். விரல் சூப்பும் பழக்கம் இருந்தால் விரலிலும், கண்ணைத் தேய்த்தால் கண்ணிலும் அதே வைரஸ் புகும். கண் சிவந்தால் அன்றே கண் மருத்துவரையும் பார்க்க வேண்டும்.

வாயை எப்படிப் பார்ப்பது என்று சிலர் தனிச் செய்தியில் கேட்டிருந்தார்கள். இரண்டு பெரியவர்கள் முழங்காலோடு முழங்கால் தொடும்படி எதிரெதிராக உட்கார்ந்து, குழந்தையை ஒருவரின் மடியில் முகம் பார்க்க உட்காரவைத்து, அப்படியே பின்னால் சாய்த்துத் தலையை மற்றவரின் மடியில் வைத்துவிடுங்கள். முதலாமவர் கைகளைப் பிடித்துக்கொண்டால், மற்றவர் கைப்பேசி விளக்கில் உதட்டை விலக்கி ஈறு, கன்னம், அண்ணம் எல்லாவற்றையும் சில நொடிகளில் பார்த்துவிடலாம். ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் மருத்துவரிடம் காட்ட உதவும்.

இன்னும் இரண்டு நிலைகளைப் பதிவு செய்துவிடுகிறேன். காய்ச்சல் ஐந்து நாள் தாண்டி, உதடு சிவந்து வெடித்து, நாக்கு ஸ்ட்ராபெரிப் பழம்போல் இருந்து, கண்ணும் சிவந்திருந்தால் அது கவாசாக்கி நோயாக இருக்கலாம். பத்து நாட்களுக்குள் சிகிச்சை தொடங்காவிட்டால் இதய இரத்தக் குழாய்கள் பாதிக்கப்படலாம். வலிப்பு மருந்தோ வேறு புதிய மருந்தோ தொடங்கிய சில வாரங்களில் வாய், கண், பிறப்புறுப்பு மூன்றிலும் புண் வந்து தோலும் கொப்பளித்தால், அந்த மருந்தைக் கையோடு எடுத்துக்கொண்டு நேராகப் பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

திருவான்மியூர்_செந்தில்

கிளம்பிவிட்டோம் டாக்டர். மிக்க நன்றி.

பெரம்பூர்_தாய்

டெங்கு இல்லை என்று வந்துவிட்டது. காய்ச்சலும் நின்றிருக்கிறது, தயிர் சாதம் சாப்பிடுகிறான். எப்போது பிளே ஸ்கூலுக்கு அனுப்பலாம்? மலத்தில் வாரக்கணக்கில் வைரஸ் இருக்கும் என்று ஒருவர் சொன்னதைக் கேட்டுக் குழப்பமாக இருக்கிறது.

குழந்தைநல_மருத்துவர்_அண்ணாநகர்

அவர் சொன்னது சரிதான், அதற்காக வாரக்கணக்கில் வீட்டில் வைத்திருக்க முடியாது. காய்ச்சல் நின்று, எச்சில் ஒழுகுவதும் நின்று, கொப்புளங்கள் காய்ந்தபின் அனுப்பலாம்; பள்ளிக்குத் தகவல் மட்டும் சொல்லிவிடுங்கள். மலம் கழுவிய பின்னும் சமைக்கும் முன்னும் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கை கழுவுவது அடுத்த சில வாரங்களுக்குக் கண்டிப்பாக வேண்டும். சானிடைசரை இந்த வைரஸ்கள் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. அதே வைரஸ் குடும்பத்தின் வேறொரு வகையால் நோய் மறுபடியும் வரலாம், அப்போதும் இதே முறைதான். ஒரு மாதம் கழித்து அவனுடைய கைவிரல், கால்விரல் நகங்கள் அடியிலிருந்து கழன்று உரிந்தால் கால்சியம் குறைவு என்று யாராவது சிரப் எழுதித் தரக்கூடும். இந்த நோய்க்குப் பிறகு அப்படி உரிவதுண்டு, புது நகம் தானாக முளைத்துவிடும், சிரப் வாங்க வேண்டியதில்லை.